மரத்தினின்று வீழ்ந்த நரிவால் ஓர்க்கிட்டைப் பிழைப்பித்தல்

(செங்கலடியில் நடைபெற்ற வீட்டுத்தோட்ட வகுப்பொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல், மிளகாய், கத்தரி என்று பேசவேண்டிய போதனாசிரியன் இன்று ஒரு பூச்செடியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இதுதான். சென்ற மாரிக்குப் பின்னர், வாடியும் அழுகியும் என்னிடம் கொண்டுவரப்பட்ட செடிகளுள் ஓர்க்கிட் செடிகளும் பல. அவற்றிற் பெரும்பாலானவை நோயினாற் கெட்டவை அல்ல. பூச்சியினாற் கெட்டவையும் அல்ல. வீழ்ந்து கிடந்த செடியைப் பரிவுடன் வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள், அப்பரிவின் மிகுதியால் நீரூற்றிக் கெடுத்தவை. இத்தகைய செடி உங்கள் கைக்கு வரும்போது முதலிற் பார்க்கவேண்டியது எது, செய்யத்தகாதது எது என்பதை எடுத்துக்கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நான் குறிப்பிடுவது நரிவால் ஓர்க்கிட். தாவரநூலார் இதனை றிங்கோஸ்ரைலிஸ் றெற்றியூசா என்பர். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு இதனை வேறொரு பெயரால் விவரித்தார். இப்போதைய பெயர் 1825இல் புளூமே என்பவரால் இடப்பட்டது. இந்தியாவிலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் பரந்து வளரும் இச்செடி அசாம் மாநிலத்தின் மாநில மலராகும். அங்கே சித்திரை மாதத்துப் பிகுப் பண்டிகையில் ஆடும் பெண்கள் இதன் பூங்கொத்தைக் கொண்டையிற் சூடுவர். இலங்கையிலோ ஓர்க்கிட் வளர்ப்போர் இதனை ‘மட்டக்களப்பு ஓர்க்கிட்’ என்றும் வழங்குவதுண்டு. நமது பகுதியின் பெயரைத் தாங்கிய செடியை நம்மவரிற் பலர் பெயர் சொல்லி அறியாதிருப்பது ஒரு குறையென்றே நான் கருதுகிறேன்.

அறியாமையினால் விளையும் தீங்கொன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். மாமரத்தின் கிளையில் இது பற்றியிருக்கக் கண்டோர், குருவிச்சை என எண்ணி வெட்டி எறிகின்றனர். குருவிச்சை மரத்தின் உட்புகுந்து சாற்றை உறிஞ்சுவது. அதனை வெட்டத்தான் வேண்டும். ஓர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேலே படர்ந்து பிடித்துக்கொள்வதன்றி உள்ளே புகுவதில்லை. மழைநீரையும், பட்டையின் வழியே வழிந்துவரும் சிறிதளவு சத்தையும் கொண்டே அது வாழ்கிறது. இலையைப் பார்த்தே வேறுபாட்டை அறியலாம். குருவிச்சைக்குக் கிளைத்த தண்டும் சாதாரண இலையும் உண்டு. நரிவால் ஓர்க்கிட்டின் இலைகள் தடித்து, நீண்டு, வார்போல வளைந்து, நடுவே பள்ளமாக மடிந்து, ஒரே தண்டில் இருபுறமும் அடுக்கியவைபோல் இருக்கும். இலையின் நுனி கூராக இராது. கத்தரித்தாற்போல் மொட்டையாகி இரு சமமற்ற பற்களாக முடியும். பூக்கும் காலத்தில் ஐயத்துக்கே இடமில்லை. வெண்மையும் ஊதா கலந்த சிவப்புப் புள்ளிகளுமுள்ள நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி, நரிவால் போலத் தொங்கும்.

வண்டா தெசெலாற்றா எனப்படும் இன்னோர் இனமும் நமது வரண்ட வலயக் காடுகளில் உண்டு. அதன் இலை ஒடுங்கியது, தண்டு நீண்டது, பூ மஞ்சளும் கபிலமும் கட்டமிட்டாற்போல் இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றே. ஆதலால் இனி நான் சொல்பவற்றை இரண்டுக்கும் பொதுவாகக் கொள்க.

இச்செடியைக் காட்டிற் சென்று மரத்தினின்று பிடுங்கிவர நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஒதுக்கக் காடுகளினின்றும் சரணாலயங்களினின்றும் செடிகளை எடுத்தல் குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் இதற்கென உள்ளன. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அந்த உடன்படிக்கையில் இலங்கை 1979இற் சேர்ந்தது. சட்டம் ஒருபுறமிருக்க, வேறொரு காரணமும் உண்டு. ஓர்க்கிட்டின் ஒரு காயில் தூள்போன்ற விதைகள் ஆயிரமாயிரமாக உள்ளன. ஆயினும் நெல்மணியிலும் பயற்றம் விதையிலும் உள்ளதுபோல் முளைக்கு வேண்டிய உணவு அவற்றில் இல்லை. பட்டையில் வாழும் ஒருவகைப் பங்கசு துணைசெய்தாலன்றி அவை முளையா. இவ்வுண்மையை 1899இல் பிரான்சு நாட்டு நொயல் பேர்ணாட் கண்டறிந்தார். பங்கசு இன்றியே சீனி சேர்ந்த ஊடகத்தில் விதையை முளைப்பிக்கலாம் என்று 1922இல் அமெரிக்கரான நட்சன் காட்டினார். அது ஆய்வுகூடத்து வேலை. நம் முற்றத்தில் ஆகக்கூடியதன்று. காட்டிலோ இலட்சத்தில் ஒன்றிரண்டு முளைத்து, பல ஆண்டுகள் சென்றபின்னரே பூக்கும். ஆகவே முதிர்ந்த செடியொன்று சாகுமாயின் அதன் இடம் எளிதில் நிரம்பாது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று சாய்ந்த பழமரங்களோடு அவற்றின்மேல் இருந்தவையும் போயின. இன்றும் வீதி அகலிக்கும்போதும், மின்கம்பிக்கு இடையூறான கொப்புகளைத் தறிக்கும்போதும், வாடைக்காற்றிற் கொப்பு முறியும்போதும் இச்செடிகள் நிலத்துக்கு வருகின்றன. நிலத்தில் கிடந்தால் சில வாரங்களில் அழுகிவிடும். இவ்வாறு தானே வீழ்ந்தவற்றை எடுத்துக் காப்பாற்றுவதுபற்றியே பேசுகிறேன். வீழ்ந்த மரம் அரசாங்கக் காணியில் உள்ளதாயின், எடுக்குமுன் அப்பகுதி வன உத்தியோகத்தரிடம் ஒரு சொற் கேட்டுக்கொள்வது நல்லது.

எடுக்கும் முறையிலேயே பாதி வைத்தியம் அடங்கியுள்ளது. நரிவால் ஓர்க்கிட் வேர் கலைவதைப் பொறுக்காத செடி. பட்டையோடு ஒட்டிய வேரை நகத்தாலோ கத்தியாலோ கெல்லினால், வேரின் மேலுறை பட்டையிலே தங்கிவிட, உள்நரம்பு மாத்திரம் கையோடு வரும். ஆதலால் செடியைக் கொப்பினின்று பிரிக்காமல், செடிக்கு மேலும் கீழும் ஒவ்வோர் அடி விட்டுக் கொப்பையே வாளால் அறுத்தெடுக்க வேண்டும். கொப்பு மிகப் பருத்ததாயின் பட்டையை மட்டும் பாளமாகப் பெயர்த்தெடுக்கலாம். இவ்வாறு வந்த செடிக்கு நோயென்பது பெரும்பாலும் இராது. அக்கொப்பைக் கட்டித் தொங்கவிட்டுக் காலையில் நீர் தெளித்துவந்தாற் போதும். அந்தக் கொப்பு உளுத்துப்போகச் சில ஆண்டுகளாகும். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் என்னிடம் வருபவை இவ்வாறு வருவதில்லை. வேர் அறுந்து, சட்டியில் மண் நிரப்பி நடப்பட்டு, இலை சுருங்கிய நிலையிலேயே வருகின்றன. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கத்தரி வாடினால் நீர் ஊற்றுகிறோம், நிமிர்ந்துவிடுகிறது. அப்பழக்கத்தில் ஓர்க்கிட்டின் இலை சுருங்கியதும் நீர் ஊற்றுகிறோம். நீர் இல்லாமையால் வேர் காய்ந்து செத்தாலும் இலை சுருங்கும்; நீர் மிகுந்து வேர் அழுகிச் செத்தாலும் இலை அவ்வாறே சுருங்கும். இரண்டிலும் இலைக்கு நீர் வந்துசேரவில்லை என்பதே பொருள். இலையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் இவ்விரண்டில் எது என்று தெரியாது. அன்றியும் இவ்விலை தடித்தது. தன்னுள்ளே நீரைச் சேமித்து வைத்திருப்பது. வேர் செத்துப் பல நாட்கள், சிலவேளை வாரங்கள் கழிந்த பின்னரே அது சுருக்கம் காட்டும். ஆகவே இன்று காணும் சுருக்கம் நேற்றைய பிழையால் வந்ததன்று. நீர் ஊற்றுமுன் வேரைப் பாருங்கள். இந்த ஒன்றை மாத்திரம் இன்று நினைவில் வைத்துக்கொண்டு சென்றாலும் நான் இங்கு வந்த பயன் கிட்டிவிடும்.

வேரைப் பார்ப்பது எப்படி? செடியைச் சட்டியினின்று கவிழ்த்தெடுத்து, ஒட்டியுள்ள மண்ணை நீரில் மெல்லக் கழுவுக. ஓர்க்கிட்டின் வேர் நாம் அறிந்த மற்றைய வேர்களைப் போன்றதன்று. நடுவே நூல்போன்ற உறுதியான நரம்பு. அதைச் சுற்றிப் பச்சை நிற உயிர்ப்பகுதி. அதன் மேலே பஞ்சு போன்ற வெண்ணிற உறை. இவ்வுறை இறந்த கலங்களாலானது. மழை பட்டதும் நொடியில் நீரை உறிஞ்சிக்கொள்வதும், வெயிலில் உள்ளே உள்ளதைக் காப்பதும் இதன் தொழில். உறை காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். நனைந்ததும் உறை கண்ணாடிபோலாகி உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். இதனையே நாம் சோதனையாகக் கொள்ளலாம். மழைநீர் உள்ள பாத்திரத்தில் வேர்களை 20 நிமிடம் அமிழ்த்தி வைத்திருந்து எடுத்துப் பாருங்கள். சீராகப் பச்சையானவை உயிருள்ள வேர்கள். நனைந்த பின்பும் கபிலமாகவோ கருமையாகவோ இருப்பவை செத்தவை. ஐயமானவற்றை இரு விரல்களுக்கிடையில் அழுத்துக. உயிருள்ள வேர் இறுகியிருக்கும். அழுகிய வேர் நசிந்து நீர் கசியும், நாற்றமும் இருக்கும். மேலுறையை இழுத்தால் கழன்றுவந்து நூல்நரம்பு மட்டும் எஞ்சும். வரட்சியாற் செத்த வேர் வைக்கோல்போல் வெறுமையாக நொறுங்கும், நாற்றமிராது. இவ்வாறு கண்ணும் விரலும் மூக்கும் சேர்ந்து, செடிக்கு நேர்ந்தது தாகமா, வெள்ளமா என்பதைச் சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்ற தைமாதத்தில் ஒரு தாயார் மண்சட்டியொன்றைக் கொண்டுவந்தார். “தம்பி, இரண்டு வேளையும் தண்ணீர் வார்க்கிறேன், வாடிக்கொண்டே போகிறதே” என்றார். அது அவருடைய தாயார் வளவு மாமரத்திற் கட்டி வளர்த்த செடி. 1990இல் ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லையாம். மாமரமும் இந்தச் செடியும் இருந்தனவாம். கார்த்திகைக் காற்றில் அந்தக் கொப்பு முறிந்தது. பேரப்பிள்ளைகள் செடியைப் பிடுங்கிவந்து, மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டிருந்தார்கள். கவிழ்த்துப் பார்த்தபோது பதினான்கு வேர்களில் மூன்றே உயிரோடிருந்தன. அவையும் மண்ணுக்கு மேலே சட்டியின் விளிம்பில் காற்றோட்டமாக நின்ற வேர்கள். மண்ணுள் இருந்தவை எல்லாம் கூழாயிருந்தன. நீர் போதாதென்று அவர் நாளுக்கு நாள் கூட்டி ஊற்றியதே அவற்றை முடித்தது. வேருக்குக் காற்று வேண்டும். நம் பகுதியின் களிமண்ணும் எருவும் நனைந்து இறுகினால் அதற்குள் காற்று இராது. அவரது செடிக்குச் செய்ததையே இனிச் சொல்லப்போகிறேன். இப்போது அதில் நான்கு புதிய வேர்களும் ஓர் இலையும் விட்டிருக்கின்றன. பூக்கவில்லை, இவ்வாண்டு பூக்கும் என்று நான் அவருக்குச் சொல்லவுமில்லை.

வேரை அடுத்துப் பார்க்கவேண்டியது குருத்து. இச்செடிக்கு வாழைபோலப் பல கன்றுகள் இல்லை. தென்னைபோல ஒரே குருத்து. குருத்திலை இறுக நின்று பச்சையாயிருந்தால், வேர் ஒன்றுகூட இல்லாவிடினும் நம்பிக்கை உண்டு. குருத்திலை கறுத்து, மெல்ல இழுத்தவுடன் கையோடு வந்து, அடியில் நாற்றம் வீசினால் அது குருத்தழுகல். மாரியில் நீர் தேங்கி நின்றதால் பங்கசோ பற்றீரியாவோ புகுந்ததன் விளைவு. அப்போது அழுகிய பாகத்தை நல்ல பாகம் தெரியும்வரை வெட்டியெறிந்து, நீரே படாமல் நிழலில் உலரவிட வேண்டும். அடித்தண்டு நலமாயிருந்தால் பக்கத்தில் ஒரு முளை வரலாம். பல மாதம் செல்லும். பதுளை வீதியோரத்தில் தறித்த கொப்பினின்று இளைஞர் ஒருவர் கொண்டுவந்த செடி இவ்வகைப்பட்டது. அவர் சொன்னபடி எல்லாம் செய்தார்; அழுகல் தண்டுக்குள் இறங்கியிருந்தமையால் அது பிழைக்கவில்லை.

இலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியிலுள்ள இலை ஒன்று மெல்ல மஞ்சளித்து விழுவது முதுமை; அதற்கு மருந்து வேண்டாம். வெயில்பட்ட பக்கத்தில் மாத்திரம் வெளிறிப் பின் காய்ந்த காகிதம்போலாகும் புள்ளி வெயிற்சூடு. அது பரவாது, இலையையும் வெட்டவேண்டியதில்லை. நீர்கோத்தாற்போல் தோன்றி ஓரிரு நாளிற் பெருகும் கரும்புள்ளிதான் ஆபத்தானது. அதனை நல்ல பாகமும் சிறிது சேர வெட்டியெறிக. இலையின் அடிப்புறத்தில் கபிலச் செதில்கள் ஒட்டியிருப்பின் அவை செதிற்பூச்சிகள். எறும்புகள் ஊர்வதைக் கொண்டும் ஊகிக்கலாம். சவர்க்கார நீரில் தோய்த்த பஞ்சினால் துடைத்தெடுத்தால் ஒரு செடிக்குப் போதுமானது. மீண்டும் வருமாயின் வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றரைச் சிறிது சவர்க்காரத்துடன் ஒரு லீற்றர் நீரிற் கலக்கி மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்த்த பின்னரே முழுச் செடிக்கும் தெளிக்க வேண்டும். இலையில் ஒழுங்கற்ற வெளிறிய கோடுகளும் குழிந்த கருங்கீறல்களும் தொடர்ந்து புதிய இலைகளிலும் தோன்றினால் அது வைரசு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. ஒரு செடியின் சாறு பட்ட கத்தி மறு செடிக்கு அதனைக் கொண்டுபோகும். ஆகவே ஒவ்வொரு செடிக்கும் முன்னர் கத்தியை நெருப்பிற் காய்ச்சி ஆறவிடுதல் கட்டாயம்.

இனிச் சிகிச்சை. அழுகி நசிந்த வேர்களை எல்லாம் நல்ல பாகம்வரை வெட்டிவிடுக. காய்ந்து செத்த வேர்களை வெட்டவேண்டியதில்லை. செடியைக் கட்டி நிறுத்த அவை கயிறுபோல உதவும். அடித்தண்டின் இறந்த துண்டையும் வெட்டுக. வெட்டுமுகம் கபிலமின்றிச் சுத்தமாகத் தெரியும்வரை வெட்டவேண்டும். வெட்டிய இடங்களில் மாத்திரம் கறுவாத்தூளைத் தொட்டு வைக்கலாம். நம் நாட்டில் விளையும் இந்தக் கறுவா பங்கசைத் தடுப்பதோடு காயத்தை உலர்த்தும் தன்மையும் உடையது. அவ்வுலர்த்தும் தன்மையாலேயே நல்ல வேரின்மீது அதனைத் தூவலாகாது. பின்னர் ஒருநாள் முழுவதும் நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுக. அன்று நீர் வேண்டாம். புதிய காயத்தில் நீர் படுவதைவிட ஒருநாட் தாகம் நல்லது.

மறுநாள், சொரசொரப்பான பட்டையுள்ள ஒன்றரை அடி நீள மரத்துண்டில் செடியைக் கட்டுக. மாங்கொப்பு போதும். குருத்தில் நீர் தங்காதவாறு செடி சற்றே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கட்டுவதற்குப் பழந்துணி நாடாவோ நைலோன் நூலோ நன்று. செப்புக் கம்பி ஆகாது, செம்பு ஓர்க்கிட் வேருக்கு நஞ்சு. வேரின் கீழ் சிறிது தும்பு வைக்கலாம். வாவியோரத்தில் ஊறிய மட்டையின் தும்பில் உப்பு இருக்கும், அது வேண்டாம். வேறு தும்பானாலும் சாயம் போகும்வரை நாள்தோறும் நீர் மாற்றி ஊறவைத்துக் கழுவியே பயன்படுத்த வேண்டும். மரத்துண்டு கிடையாதவர்கள் இடைவெளி விட்ட பலகைக் கூடையில் பெரிய கரித்துண்டுகளும் ஓட்டுத்துண்டுகளும் இட்டு அதில் நிறுத்தலாம். எவ்வாறாயினும் மண் வேண்டாம், எரு வேண்டாம்.

வேர் ஒன்றுமே எஞ்சாத செடிக்கு வேறொரு வழி. வாய் அகன்ற மண்பானையில் கால்வாசி நீர் விட்டு, வாயின் குறுக்கே ஒரு தடியை வைத்து, அத்தடியிற் செடியைக் கட்டுக. அடித்தண்டு பானைக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கவேண்டும். நீருக்கும் தண்டுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி வேண்டும். நீர் தொட்டால் அழுகும். பானையின் புறத்தே நனைந்த சாக்கொன்றைச் சுற்றிவைத்தால் உள்ளே ஈரக்காற்று நிற்கும். தடித்த இலையுள்ள இவ்வினங்கள் பகலில் இலைத்துளைகளை மூடி இரவிலே திறப்பவை. ஆகையால் இரவில் ஈரமான காற்று சூழ்ந்திருப்பின் செடி இழக்கும் நீர் குறைகிறது. பானை நீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றிவிடுங்கள். இல்லையேல் செடியைக் காப்பாற்றி டெங்கு நுளம்பை வளர்த்தவர்களாவோம்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நம் பகுதியில் வாவிக்கு அண்மையிலுள்ள கிணறுகள் பல ஆடி ஆவணியில் உவர்ப்பாகின்றன. தென்னை அதைப் பொறுக்கும், கத்தரி ஓரளவு பொறுக்கும், ஓர்க்கிட் பொறுக்காது. நீர் ஆவியாகிப் போக, உப்பு பஞ்சுறையிலே தங்கிப் பச்சைநிற வேர்நுனியைக் கருக்கிவிடும். மரத்துண்டில் வெண்பொருக்குப் படிவதைக் கண்டால் இதுவே காரணம். நாவில் சிறிது கரித்தாலும் அந்நீரை இதற்கு ஊற்றாதீர்கள். ஐப்பசி முதல் தை வரை கூரைநீரைப் பிடித்து, இறுக மூடிய பாத்திரத்தில் வைத்துக்கொண்டால் ஓரிரு செடிகளுக்கு ஆண்டு முழுவதும் போதும்.

அடுத்து, கச்சான் காற்று. மலைநாட்டைக் கடந்து காய்ந்து வரும் இக்காற்று, காலையில் நனைத்த வேரை ஒரு மணித்தியாலத்தில் வெள்ளியாக்கிவிடும். நோயுற்ற செடியை இக்காலத்தில் வீட்டின் மேற்குப் புறத்தில் தொங்கவிடலாகாது. கிழக்குப் புறத்தில், காலை ஒன்பது மணிவரை இளவெயில் படும் இடத்தில், கிடுகு வேலியோ மரச்செறிவோ காற்றைத் தடுக்கும்படி அமைக்க வேண்டும். மரத்துண்டில் கட்டிய செடிக்குக் கச்சான் நாளில் சூரியன் ஏறுமுன் ஒருமுறையும், பிற்பகல் மூன்று மணியளவில் ஒருமுறையும், வேர்கள் பச்சையாகும்வரை நனைத்தல் வேண்டும். இவ்வளவு நீர் ஊற்றச் சொல்லும் நானேதானா முன்பு நீரூற்றிக் கெடுத்ததாகச் சொன்னது என்று கேட்பீர்கள். காற்றிலே தொங்கும் வேருக்கு எத்தனை முறை ஊற்றினும் நீர் நில்லாது. நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைவதே அதன் இயல்பு. சட்டியில் மண்ணுக்குள் இருக்கும் வேர் காய்வதே இல்லை. கேடு ஊற்றிய நீரின் அளவில் மாத்திரம் இல்லை. அது வடிய வழியின்மையிலேயே உள்ளது. மாரியில் இதற்கு மாறாக, நாட்கணக்கில் மழை விடாதபோது நலிந்த செடியைத் தாழ்வாரத்தின் கீழ் மாற்றுக. எக்காலத்திலும் இரவுக்கு முன் குருத்து உலர்ந்திருக்க வேண்டும்.

பசளைபற்றிப் பலர் அவசரப்படுகிறார்கள். வேரில்லாத செடிக்குப் பசளையிடுதல், மயங்கிக் கிடப்பவன் வாயில் சோறு திணிப்பதைப் போன்றது. புதுவேர் ஓர் அங்குலமாவது நீண்டு, நுனி பச்சையாகவோ செம்பச்சையாகவோ பளபளக்கும்வரை ஒன்றும் வேண்டாம். அதன் பின்னர், நீரில் முற்றாகக் கரையும் சமச்சத்துப் பசளையில் அரைக் கிராமை ஒரு லீற்றர் மழைநீரிற் கரைத்து, முதலில் வெறும்நீரால் வேரை நனைத்த பின், இரு வாரத்துக்கொருமுறை தெளிக்கலாம். சீனித்தண்ணீர், இளநீர், அரிசி கழுவிய நீர் என்று கைமருந்து சொல்வோர் உண்டு. அவை எறும்பையும் பூஞ்சணத்தையுமே அழைத்துவரும்.

நலிந்த செடி சிலவேளை திடீரெனப் பூந்தண்டு விடும். மகிழ்ந்து விடாதீர்கள். உள்ள சக்தியெல்லாம் பூவுக்கே போய்விடும். அத்தண்டை இளமையிலேயே நறுக்கிவிடுதல் நலம். மேற்சொன்ன தாயாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆயினும் நறுக்கத்தான் வேண்டும். தேறும் அறிகுறி வேர்நுனியே. அது தோன்ற ஆறு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். சுருங்கிய பழைய இலை முன்போல முழுதும் நிமிராமல் இருக்கக்கூடும். அதனைக் கொண்டு மனந்தளரவேண்டாம். புதிதாக வரும் இலை சுருக்கமின்றி வந்தால் செடி தேறிவிட்டது. இலை மிகக் கரும்பச்சையாகி நீண்டு துவண்டால் வெளிச்சம் போதாது. மஞ்சட்பச்சையாகிச் செம்மை படர்ந்தால் வெயில் எல்லையைத் தொட்டுவிட்டது. இடம் மாற்றுவதாயின் சிறிது சிறிதாக மாற்றுக.

ஐந்தாறு வேர்கள் கைச்சாண் நீளமாகியபின், முதல் மழை விழும் ஐப்பசியில் செடியை வளவிலுள்ள மரமொன்றுக்கு மாற்றலாம். பட்டை உரியும் மரம் ஆகாது. கொய்யாவும் தேக்கும் இதனால் விலக்கத்தக்கவை. சொரசொரப்பான பட்டையுள்ள மா, புளி, வேம்பு நல்லன. ஆள் உயரத்துக்கு மேலே, தண்டின் கிழக்குப் புறத்தில், மரத்துண்டோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். வேர்கள் துண்டைத் தாண்டி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்கு பிடித்ததென்று தெரியும்வரை கட்டை அவிழ்க்கவேண்டாம். மரம் பருக்கும்போது நைலோன் நூல் பட்டையை வெட்டாதபடி ஆண்டுக்கொருமுறை தளர்த்தி விடுக. அந்த மரத்தில் ‘இது குருவிச்சை அன்று’ என்று பிள்ளைகளுக்கும், கொப்பு வெட்ட வருபவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் ஒரு பராமரிப்புத்தான்.

நோயுற்ற செடியை என்னிடம் கொண்டுவருவோர், அதனைக் கழுவாமலும், நீரூற்றாமலும், அது இருந்த சட்டியோடேயே கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேரைச் சுற்றி இருந்தது என்ன என்பதைப் பார்த்தாலே பாதி விடயம் தெரிந்துவிடும்.